பின்தங்கும்போதும் ஏன் சீனியர்? ஐஸ் ஹாக்கியும் ஒரு 15 நிமிடக் கணக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த சில இழுவைகளை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த வாரம் கொஞ்சம் குளிரான ஊருக்குப் போறோம். கனடாவில் இருக்கிற மான்ட்ரியல். ஆட்டம், ஹாக்கி. புல்தரையில வளைஞ்ச மட்டையோட ஆடுற நம்ம ஹாக்கி இல்லை. பனித்தளத்தில், காலில் ஸ்கேட் கட்டிக்கிட்டு, பந்துக்குப் பதிலா பக்னு ஒரு கறுப்பு ரப்பர் வட்டை அடிச்சு ஆடுவாங்களே, அந்த ஐஸ் ஹாக்கி.

இந்த ஆட்டத்தைப் பார்க்கிற ரசிகர்கள்கிட்ட ஒரு நிரந்தரமான புலம்பல் உண்டு. "அந்தப் பையனை ஏன்யா உட்கார வச்சிருக்க? அந்த வயசானவரை ஏன் திரும்பத் திரும்ப இறக்குற?" எந்த அணி, எந்த வருஷம்னு கிடையாது, எல்லா இடத்திலும் இதே புலம்பல்தான். டொராண்டோ பக்கம் சொந்தக்காரங்க இருந்தா ஒரு போன் போட்டு மேப்பிள் லீஃப்ஸ் பத்திக் கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க.

கோச்சுங்க ஏன் இளைஞர்களை விட சீனியர்களை நம்புறாங்க? அவங்க முட்டாள்கள்னு சொல்லிட்டுப் போறது சுலபம். ஆனா அவங்க முட்டாள்கள் இல்லை. அவங்க போடுற கணக்கு சரியான கணக்குதான். எந்த நேரத்துல அந்தக் கணக்கு தப்பாகுது, அதுதான் இன்னிக்கு நாம பார்க்கப்போறது.

மூணு பேர் வெளியே

2021 மே மாசம். என்எச்எல், அதாவது நேஷனல் ஹாக்கி லீக். பிளே-ஆஃப் முதல் சுற்றில் மான்ட்ரியல் கனேடியன்ஸும் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸும் மோதுறாங்க. ஏழு ஆட்டத்துல நாலு ஜெயிக்கணும்.

முதல் ஆட்டத்துக்கு மான்ட்ரியல் கோச் டொமினிக் டுஷார்ம் தன் பட்டியலைக் கொடுக்கிறார். அதுல மூணு இளைஞர்கள் இல்லை. யாருக்கும் காயம் கிடையாது, சும்மா உட்கார வச்சுட்டார். பின்லாந்துக்காரர் யெஸ்பெரி கோட்கானியெமி, வயசு 20. ரஷ்யாவைச் சேர்ந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் அலெக்ஸாண்டர் ரோமனோவ், வயசு 21. மூணாவது ஆள் ஒரு அமெரிக்கர், வயசு 20. அவர் பேரு கோல் காஃபீல்ட். நிஜமாவே அதான் பேரு, பேர்லயே கோல் இருக்கு. அந்த வருஷம் கல்லூரி ஹாக்கியின் சிறந்த ஆட்டக்காரருக்கான விருதை வாங்கிட்டு நேரா இங்கே வந்தவர். சீசன் முடியுற நேரத்துல 10 ஆட்டம் ஆடி 4 கோல் போட்டிருந்தார். அதுல முதல் ரெண்டு கோலும் கூடுதல் நேரத்தில் ஆட்டத்தையே முடிச்சு வச்ச கோல்கள்.

அப்படிப்பட்ட ஆளை வெளியே வச்சுட்டு, உள்ளே இருந்தவங்க யாரு? எரிக் ஸ்டால், கோரி பெர்ரி. ரெண்டு பேருக்கும் 36 வயசு. ஸ்டால் 2006ல் கரோலினா அணியோடும், பெர்ரி 2007ல் அனாஹெய்ம் அணியோடும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினவங்க. காஃபீல்ட் அப்போ பால்வாடிப் பையன்.

சரி, முதல் ஆட்டம் என்னாச்சு? மான்ட்ரியல் 2-1ன்னு ஜெயிச்சுது. கோச் பண்ணினது சரிதானே? இந்தக் கேள்வியை மனசுல வச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்துல திரும்ப வர்றேன்.

180 நிமிடத்தை 12 பேருக்குப் பிரிக்கணும்

இந்த ஆட்டத்தோட அமைப்பு தெரியாம கோச்சைத் திட்ட முடியாது. அதனால ஒரு சின்னக் கணக்கு.

ஆட்டம் 60 நிமிடம். பனித்தளத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர்: கோலைக் காக்கிற கோலி ஒருத்தர், டிஃபென்ஸ் ரெண்டு, ஃபார்வர்டு மூணு. ஆனா பட்டியல்ல 20 பேர் இருப்பாங்க. வழக்கமா 12 ஃபார்வர்டு, 6 டிஃபென்ஸ், 2 கோலி. ஸ்கேட் கட்டிக்கிட்டு முழு வேகத்துல ஓடுற ஆட்டம்ங்கறதால யாரும் தொடர்ந்து ஆட முடியாது. முக்கால் நிமிடம் ஆடிட்டு பெஞ்சுக்கு ஓடி வந்துடுவாங்க, அடுத்த மூணு பேர் சுவரைத் தாண்டி உள்ளே குதிப்பாங்க. இந்த ஒரு முறை உள்ளே போய் வர்றதுக்கு ஷிஃப்ட்னு பேரு. இதெல்லாம் ஆட்டம் ஓடிக்கிட்டிருக்கும்போதே நடக்கும்.

இப்போ பெருக்கிப் பாருங்க. மூணு ஃபார்வர்டு இடம், 60 நிமிடம். மொத்தம் 180 நிமிடம். அதை 12 பேருக்குச் சமமாப் பிரிச்சா ஆளுக்கு 15 நிமிடம், கிட்டத்தட்ட 20 ஷிஃப்ட். ஆனா சமமா யாரும் பிரிக்கிறதில்லை. முதல் வரிசை ஸ்டார் 20 நிமிடம் ஆடுவார், நாலாவது வரிசை ஆளுக்கு 8, 9 நிமிடம்தான் கிடைக்கும். ஒருத்தருக்கு ஒரு நிமிடம் கூடினா இன்னொருத்தருக்கு அது குறைஞ்சே ஆகணும். இதைத்தான் ஐஸ் டைம்னு சொல்றாங்க. ஆட்டத்தில் கோச் கையில் இருக்கிற பெரிய அதிகாரமே இதுதான்.

இதோட இன்னொண்ணு. இந்த ஆட்டத்துல கோல் ரொம்பக் குறைவு. ரெண்டு அணியும் சேர்ந்து ஒரு ஆட்டத்துக்கு ஆறு கோல் சுமாரா வரும். அதுல ஒரு கோல் உங்க ஆள் பண்ணின தப்பால போச்சுன்னா, ஆட்டமே போச்சுன்னு வச்சுக்கலாம்.

கோச் பக்க நியாயம்

இப்போ கோச் இடத்துல நின்னு பாருங்க. உங்க அணி ஒரு கோல் முன்னிலை. கடைசி ரெண்டு நிமிடம். எதிரணி தன் கோலியை வெளியே எடுத்துட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கிடுச்சு. பக் உங்க மூலையில் சுத்திக்கிட்டிருக்கு. இப்போ யாரை இறக்குவீங்க?

திறமையான இளைஞன் பக்கைக் கையில் வச்சிருக்கும்போது ஒரு அழகான பாஸ் போட ஆசைப்படுவான். பத்துல ஏழு தடவை அது போய்ச் சேரும், மூணு தடவை எதிரணி மட்டையில் மாட்டும். சீனியர் அழகைப் பத்தி யோசிக்க மாட்டார். சுவரோரமா நீலக்கோட்டைத் தாண்டி அடிச்சு விட்டுடுவார். அதுலயும் ஒரு அளவு இருக்கு. பதறிப்போய் பலமா அடிச்சு, பக் யார் மேலயும் படாம அந்தக் கோடிக் கோட்டையே தாண்டிப் போச்சுன்னா அது ஐசிங். ஆட்டம் நிக்கும், பக் திரும்ப உங்க கோல் பக்கமே வரும். 2005-06 சீசன்லேர்ந்து கூடுதலா ஒரு தண்டனையும் சேர்த்தாங்க: ஐசிங் பண்ணின அணி ஆளை மாத்தக் கூடாது. மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிற அதே அஞ்சு பேர், புதுக்காற்றோட வர்ற எதிரணியைச் சமாளிக்கணும்.

எப்போ அடிக்கணும், எவ்வளவு மெதுவா அடிக்கணும், எந்த நொடியில பெஞ்சுக்குத் திரும்பணும், தன் பக்கம் பக் வரும்போது யாரைப் பிடிச்சுக்கணும். இதெல்லாம் ஹைலைட்ஸ்ல வராது. 600, 700 ஆட்டம் ஆடினவர் உடம்புல தானா இருக்கும். கோச் நம்புறது வயசை இல்லை. இந்த ஆள் இந்த நேரத்துல இதைத்தான் செய்வார்ங்கிற உறுதியைத்தான் நம்புறார்.

நம்ம வேலையில சொன்னா, சீனியரோட சராசரி உயரமா இருக்கணும்னு அவசியமில்லை, ஏற்ற இறக்கம் குறைவா இருந்தா போதும். ஃபார்வர்டுகளோட கோல் எடுக்கும் திறமை இருபதுகளின் நடுவிலேயே உச்சத்துக்கு வந்துடுதுன்னு ஹாக்கி புள்ளிவிவரக்காரங்க ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்காங்க. 36 வயசு ஆளை விட 23 வயசு ஆள் வேகமாத்தான் ஓடுவார். ஆனா கோச் வேகத்தை வாங்கலை. ஆச்சரியம் இல்லாத ஒரு ராத்திரியை வாங்குறார்.

ஒரே தப்பு, ரெண்டு தீர்ப்பு

ரசிகர்களை அதிகம் எரிச்சலாக்குற விஷயம் இது. இளைஞன் ஒரு தப்பு பண்ணினா மீதி ஆட்டம் முழுக்க பெஞ்ச். அதே தப்பை சீனியர் பண்ணினா அடுத்த ஷிஃப்ட்டே இறங்குவார். இது ஓரவஞ்சனை இல்லையா?

பாதிதான் ஓரவஞ்சனை. மீதி பாதி கணக்கு. சீனியரைப் பத்தி கோச் மனசுல 700 ஆட்டத்தோட தரவு இருக்கு. அதுல ஒரு தப்பு சேர்ந்தா அபிப்பிராயம் நகரவே நகராது. இளைஞனைப் பத்தி 30 ஆட்டத்துத் தரவுதான் இருக்கு. ஒரு தப்பு சேர்ந்ததும் முள் டக்குனு சாயும். பேயஸ் தேற்றம் படிச்சவங்களுக்கு இது தெரிஞ்ச சங்கதி. தரவு கம்மியா இருக்கிற இடத்துல புதுத் தகவலுக்கு எடை அதிகம்.

ஆனா அதே கணக்கு இன்னொண்ணும் சொல்லுது பாருங்க. 30 ஆட்டத்துத் தரவு மட்டும் இருக்கிற ஆள் ஒரு அருமையான ஆட்டம் ஆடினா, முள் அந்தப் பக்கமும் அதே வேகத்துல சாயணும். சாயுதா? பெரும்பாலும் இல்லை. "நல்லா ஆடினான், பார்ப்போம்"னு சொல்லி மறுநாள் அதே 9 நிமிடம்தான். கெட்டதுக்கு மட்டும் சாயுற தராசு. இங்கேதான் கணக்கு முடிஞ்சு பயம் ஆரம்பிக்குது.

ஊரைவிட்டுக் கிளம்புற கடைசி ராத்திரி

இந்தப் பயம் எங்கேர்ந்து வருது? கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரு பழைய புதிர் உண்டு. தெரிஞ்சதையே செய்யணுமா, புதுசை முயற்சி பண்ணணுமா? புது ஊருக்குக் குடி போயிருக்கீங்க. முதல் வாரமே ஒரு நல்ல மெஸ் கிடைச்சுடுச்சு. தினமும் அங்கேயே சாப்பிடுவீங்களா, இல்லை தெருவுல இருக்கிற மத்த கடைகளையும் பார்ப்பீங்களா? இன்னும் மூணு வருஷம் அந்த ஊர்ல இருக்கப்போறீங்கன்னா, மத்த கடைகளைப் பார்க்கிறதுதான் புத்திசாலித்தனம். நாலு நாள் கெட்ட சாப்பாடு சாப்பிட்டாலும், அஞ்சாவது கடை அட்டகாசமா இருந்தா மிச்ச நாளெல்லாம் லாபம். நாளைக்குக் காலையில ஊரைவிட்டுக் கிளம்புறீங்கன்னா? தெரிஞ்ச மெஸ்ஸுக்குப் போயிட்டு வந்து தூங்கணும்.

என்எச்எல் கோச் ஒவ்வொரு ராத்திரியையும் ஊரைவிட்டுக் கிளம்புற கடைசி ராத்திரியா வாழ்ற ஆள்.

மிகைன்னு நினைக்காதீங்க. பாஸ்டன் ப்ரூயின்ஸ் அணி 2022-23 சீசன்ல 82 ஆட்டத்துல 65 ஜெயிச்சுது. என்எச்எல் வரலாற்றுலயே அது சாதனை. கோச் ஜிம் மான்ட்காமரிக்கு அந்த வருஷத்தோட சிறந்த கோச் விருது கிடைச்சுது. 2024 நவம்பர்ல, இருபது ஆட்டம் சரியாப் போகலைன்னு அவரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. சாதனை படைச்ச சீசன் முடிஞ்சு ரெண்டு வருஷம்கூட ஆகலை.

ஜெனரல் மேனேஜரோட கடிகாரம் வேற. அவர் 18 வயசுப் பசங்களை டிராஃப்ட்ல எடுக்கிறவர். அஞ்சு வருஷம் கழிச்சு இந்தப் பையன் எப்படி இருப்பான்னு யோசிக்கிறது அவர் தொழில். அந்தப் பையன் இன்னிக்குத் தப்பு பண்ணிக் கத்துக்கிட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற பலன் அவருக்கு. இன்னிக்கு அந்தத் தப்பால வர்ற தோல்வி கோச்சுக்கு. கத்துக்கொடுக்கிற செலவு ஒருத்தர் தலையில, வரவு இன்னொருத்தர் கணக்குல. அப்படியிருக்க கோச் ஏன் செலவு பண்ணுவார்?

நம்ம ஆபீஸ்லயும் இதே கதைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்துட்டா யாரைக் கூப்பிடுவாங்க? எட்டு வருஷமா அந்தக் கோடைப் பார்த்துக்கிட்டிருக்கிற அக்காவைத்தான். அவங்க 20 நிமிடத்துல சரி பண்ணிடுவாங்க. அந்த ஒரு ராத்திரிக்கு அது சரியான முடிவு. அப்படியே நூறு ராத்திரி போனா, அக்காவுக்குத் தூக்கம் போயிடும். ஜூனியருக்கு எதுவும் தெரியாம போயிடும். அக்கா வேற கம்பெனிக்குப் போற நாள்ல டீமே கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி நிக்கும்.

நேரம் கிடைச்சாத்தானே நிரூபிக்க முடியும்

அடுத்த சிக்கல் இன்னும் நுணுக்கமானது. ஐஸ் டைம் திறமைக்குக் கிடைக்கிற பரிசு மட்டும் இல்லை. திறமைக்கான சாட்சியே அங்கேதான் உருவாகுது.

ஐஸ் ஹாக்கியிலயும் பவர் பிளே உண்டு. கிரிக்கெட்ல இருக்கிறது மாதிரி இல்லை. எதிரணி ஆள் ஃபவுல் பண்ணினா ரெண்டு நிமிடம் அவரைக் கூண்டுல உட்கார வச்சுடுவாங்க. அப்போ அஞ்சு பேருக்கு எதிரா நாலு பேர்தான் இருப்பாங்க. கோல் போட அதைவிட வசதியான நேரம் கிடையாது. அந்த நேரம் பெரும்பாலும் சீனியர்களுக்கும் ஸ்டார்களுக்கும் போகும். அவங்க கோல் போடுவாங்க. கோல் போட்டதால நம்பிக்கை வரும். நம்பிக்கை வந்ததால மறுபடி பவர் பிளே கிடைக்கும். இந்தப் பக்கம் இளைஞன் நாலாவது வரிசையில 9 நிமிடம், கோல் போடத் தெரியாத ரெண்டு பேர் நடுவுல. கோல் வராது. "பாருங்க, அவன் இன்னும் தயாராகலை."

அலெக்ஸி லாஃப்ரெனியே கதையை எடுத்துக்கோங்க. 2020 டிராஃப்ட்ல முதல் ஆளா நியூயார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தாங்க. முதல் மூணு சீசன்ல அவர் போட்ட கோல்கள் 12, 19, 16. "முதல் ஆளா எடுத்தது வீண்"னு பேச்சு வந்துடுச்சு. ஆனா அவர் ஆடுற இடது பக்கத்துல அவருக்கு முன்னாடி யார் இருந்தா? ஆர்டெமி பனாரின், கிறிஸ் க்ரைடர். க்ரைடர் 2021-22ல 52 கோல் போட்டார், அதுல 26 பவர் பிளேல வந்தது. இந்த ரெண்டு பேரைத் தாண்டி 20 வயசுப் பையனுக்கு எந்த கோச் நேரம் கொடுப்பார்? கோச் மேல குத்தம் சொல்ல முடியாது.

2023-24ல பீட்டர் லாவியலெட் கோச்சா வந்தார். லாஃப்ரெனியேவை வலது பக்கம் மாத்தி, பனாரினோட அதே வரிசையில சேர்த்தார். 28 கோல், 29 உதவி. அது வரைக்கும் அவரோட சிறந்த சீசன் அதுதான். பனாரினும் அந்த வருஷம் 120 புள்ளி எடுத்தார், அவரோட வாழ்நாள் உச்சம். அப்போ அவருக்கு 32 வயசு. சீனியரா ஜூனியரான்னு நாம சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். ரெண்டு பேரையும் ஒரே வரிசையில போட்டதும் ரெண்டு பேருமே வளர்ந்தாங்க.

ஒரு வெற்றிக்கதையா இதைச் சொல்லிட்டுப் போக முடியாது, ஏன்னா காலம் காத்துக்கிட்டு இருக்காது. 18 வயசுல கையெழுத்து போடுற பையனுக்கு முதல் ஒப்பந்தம் மூணு வருஷம், சம்பளத்துக்கு லீக்கே உச்சவரம்பு வச்சிருக்கு. அந்த மூணு வருஷத்துல அவன் காட்டுற எண்களை வச்சுத்தான் அடுத்த ஒப்பந்தம் பேசுவாங்க. மூணு வருஷமும் 9 நிமிடம்னா, பேச எண்ணே இருக்காது. லாஃப்ரெனியே முதல் ஆளா எடுக்கப்பட்டவர்ங்கறதால அணி அவருக்காகப் பொறுத்துக்கிட்டுது. நூறாவது ஆளா எடுக்கப்பட்டவனுக்கு யார் பொறுத்துப்பாங்க? அவன் திறமைசாலியா இல்லையான்னு யாருக்குமே தெரியாம போயிடும். சீனியரை இறக்கித் தோத்தா அந்தத் தோல்வி ஸ்கோர்போர்டுல தெரியும். இறக்காத இளைஞனால நாம எதை இழந்தோம்ங்கறது எந்த போர்டுலயும் வராது.

மான்ட்ரியலுக்குத் திரும்புவோம்

முதல் ஆட்டம் 2-1 ஜெயிச்சாங்கன்னு சொன்னேன். ரெண்டாவது ஆட்டம் 5-1ன்னு தோல்வி. அந்த ஆட்டத்துக்கு கோட்கானியெமி உள்ளே வந்துட்டார், மூணாவதுக்கு காஃபீல்ட் வந்தார். ஆனாலும் நாலு ஆட்டம் முடியும்போது டொராண்டோ 3-1 முன்னிலை. இன்னும் ஒண்ணு தோத்தா மான்ட்ரியல் வீட்டுக்குப் போகணும்.

அஞ்சாவது ஆட்டம், 3-3, கூடுதல் நேரம். ஒரு நிமிடம்கூட ஆகலை. டொராண்டோ ஆள் ஒருத்தரோட பாஸ் மாட்டிக்கிச்சு. காஃபீல்டும் 21 வயசு நிக் சுசுகியும் கோலியை நோக்கிப் பறக்கிறாங்க. காஃபீல்ட் பாஸ் கொடுக்க, சுசுகி கோல்.

ஆறாவது ஆட்டம், மறுபடி கூடுதல் நேரம். ஆட்டத்தை முடிச்ச கோல் யாரோடது? கோட்கானியெமி. முதல் ஆட்டத்துல உட்கார வச்ச அதே கோட்கானியெமி.

ஏழாவது ஆட்டத்தையும் மான்ட்ரியல் 3-1ன்னு ஜெயிச்சுது. அதுல ஒரு கோல் 36 வயசு பெர்ரி போட்டது. அதையும் சொல்லியாகணும். சீனியர்கள் சும்மா வரலை. அப்படியே இறுதிச்சுற்று வரை போய் டாம்பா பே கிட்ட 4-1ன்னு தோத்தாங்க. ஜெயிச்ச அந்த ஒரே ஆட்டத்துல ஒரு கோல் போட்டவர் ரோமனோவ். ஆக, முதல் நாள் வெளியே உட்கார்ந்த மூணு பேருமே அந்தப் பயணத்துல முத்திரை பதிச்சுட்டாங்க.

அப்போ கோச் தப்பு, ரசிகர்கள் சரின்னு முடிச்சுடலாமா? அவ்வளவு சுலபம் இல்லை. கோட்கானியெமியை இறுதிச்சுற்றின் நாலாவது ஆட்டத்துல மறுபடி உட்கார வச்சாங்க, அந்த ஆட்டத்தைத்தான் மான்ட்ரியல் ஜெயிச்சுது. அந்த வருஷமே அவர் கரோலினாவுக்குப் போயிட்டார், அங்கே பெரிய ஸ்டார் ஆகிடவும் இல்லை. உட்கார வைக்கிற எல்லா இளைஞனும் மறைஞ்சிருக்கிற மேதை கிடையாது.

எனக்குப் படுற பாடம் வேற. ஏற்ற இறக்கம் குறைவான ஆள் எப்போ தேவை? முன்னிலையில இருக்கும்போது. ஸ்கோர் அப்படியே இருந்தா நீங்க ஜெயிச்சுடுவீங்க, அதனால எதுவும் நடக்காம இருக்கிறதுதான் உங்களுக்கு லாபம். பின்தங்கியிருக்கும்போது? எதுவும் நடக்கலைன்னா நீங்க தோத்துடுவீங்க. அப்போ உங்களுக்கு ஏற்ற இறக்கம்தான் தேவை. பத்துல மூணு தடவை மாட்டுற அந்த அழகான பாஸ், இப்போ வாங்க வேண்டிய லாட்டரிச் சீட்டு. அது மாட்டினா ரெண்டு கோல்ல தோக்க வேண்டியது மூணு கோல்ல தோப்பீங்க, அவ்வளவுதான்.

ஆனா பல கோச்சுங்க பின்தங்கும்போதும் அதே சீனியர்கள் பக்கம்தான் சாயுறாங்க. 2019 பிளே-ஆஃப், டொராண்டோ-பாஸ்டன், ஏழாவது ஆட்டம். டொராண்டோ பின்தங்கியே ஆடி 5-1ன்னு தோத்துது. அந்தத் தொடர்ல 5 கோல் போட்டிருந்த 21 வயசு ஆஸ்டன் மேத்யூஸுக்குக் கிடைச்சது 19 நிமிடத்துக்கும் குறைவு. கோச் மைக் பேப்காக்கை டொராண்டோக்காரங்க அதுக்காக இன்னும் மன்னிக்கலை. முன்னிலைக்குன்னு இருக்கிற ஒரு பழக்கத்தை எல்லா நேரத்துக்கும் இழுத்துக்கிட்டுப் போறதுதான் நான் சொன்ன தப்பான கணக்கு. அனுபவம் மேல இருக்கிற மரியாதை இல்லை அது. தோத்தாலும் யாரும் கேள்வி கேக்காத மாதிரி தோக்கணும்ங்கிற எச்சரிக்கை.

இழக்க எதுவும் இல்லாதபோது

கதைக்கு இன்னொரு பாகம் இருக்கு. இறுதிச்சுற்று வரை போன டுஷார்முக்கு மூணு வருஷ ஒப்பந்தம் கொடுத்தாங்க. ஏழே மாசம். 2022 பிப்ரவரியில, அணி பட்டியலோட கடைசி இடத்துல இருக்கும்போது, அவரை எடுத்துட்டாங்க. அதுவரைக்கும் அந்த சீசன்ல காஃபீல்ட் 30 ஆட்டத்துல போட்டது ஒரே ஒரு கோல். நடுவுல கீழ் லீக் அணிக்கு வேற அனுப்பி வச்சிருந்தாங்க.

புதுசா வந்தவர் மார்ட்டின் செயின்ட் லூயி. என்எச்எல்ல கோச்சா இருந்த அனுபவமே கிடையாது. ஆனா ஆட்டக்காரரா அவர் கதை தெரியுமா? காஃபீல்ட் மாதிரியே குள்ளமான ஆள். டிராஃப்ட்ல யாருமே எடுக்கலை. கால்கரி அணி வேண்டாம்னு விட்டுடுச்சு. அப்புறம் டாம்பாவுக்குப் போய், 2004ல லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதும் ஸ்டான்லி கோப்பையும் வாங்கினவர். நேரம் கிடைக்காம உட்கார்ந்திருக்கிறது எப்படி இருக்கும்னு யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் காஃபீல்டை மேல் வரிசையில போட்டார், தொடர்ந்து நேரம் கொடுத்தார். மிச்சம் இருந்த 37 ஆட்டத்துல 22 கோல். ஆளு அதே ஆளு, சீசனும் அதே சீசன்தான்.

இங்கே நாம கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும். புது கோச் மந்திரம் போட்டார்னு சொல்லிடலாம். ஆனா அவர் வந்த நேரத்தைப் பாருங்க. அணி ஏற்கெனவே கடைசி இடம். அன்னிக்கு ராத்திரி ஜெயிச்சாலும் தோத்தாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்லை. அதாவது, அவர் அந்த ஊர்ல ரொம்ப நாள் இருக்கப்போறவர் மாதிரி முடிவெடுக்க முடிஞ்சுது. டுஷார்முக்கு அந்த வசதி எப்பவுமே கிடைக்கலை. முதல்ல இடைக்கால கோச், அப்புறம் பிளே-ஆஃப், அப்புறம் தோல்வி மேல தோல்வி. கோச்சோட குணம் பாதின்னா, அவர் கையில கட்டி விட்ட கடிகாரம் மீதி பாதி.

அப்புறமும் அதே அணி அந்தப் பொறுமையைத் தொடர்ந்துச்சு. 2024-25ல லேன் ஹட்சன்னு ஒரு சின்ன உருவ டிஃபென்ஸ் ஆட்டக்காரர், முதல் முழு சீசன். ஆட்டத்துக்குச் சராசரியா 22 நிமிடத்துக்கு மேல கொடுத்தாங்க. தப்பும் பண்ணினார், 66 புள்ளியும் எடுத்தார், சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினார். காஃபீல்ட் அந்த வருஷம் 37 கோல். மான்ட்ரியல் பிளே-ஆஃபுக்குத் திரும்பிடுச்சு.

நமக்கு இதுல என்ன இருக்குன்னு கேட்டீங்கன்னா, ரெண்டு விஷயம் சொல்வேன். நீங்க ஜூனியரா இருந்தா, மேனேஜர் உங்களை நம்பலைன்னு உடனே மனசு உடைய வேண்டாம். அவர் கையில எந்தக் கடிகாரம் இருக்குன்னு முதல்ல பாருங்க. ரிலீஸ் ராத்திரியில வாய்ப்பு கேக்காதீங்க. தப்பு பண்ணினா யாரும் சாகாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் கேளுங்க. அந்த 9 நிமிடத்துல சின்ன விஷயங்களைச் சரியா பண்ணுங்க. சுவரோரமா அடிச்சு விடத் தெரிஞ்சவனைத்தான் கடைசி ரெண்டு நிமிடத்துல இறக்குவாங்க.

நீங்க ஆளை இறக்குற இடத்துல இருந்தா, ஒரே ஒரு கேள்வி. இப்போ நாம முன்னிலையில இருக்கோமா, பின்தங்கியிருக்கோமா? முன்னிலைன்னா அக்காவையே கூப்பிடுங்க. பின்தங்கியிருந்தும் கை தானா அக்கா நம்பருக்கே போகுதுன்னா, ஒரு நிமிடம் நிறுத்தி யோசிங்க. ஜெயிக்கணும்னு கூப்பிடுறீங்களா, இல்லை தோத்தா யாரும் உங்களைக் கேள்வி கேக்கக் கூடாதுன்னு கூப்பிடுறீங்களா?

அடுத்த தடவை ஏதாவது ஹாக்கி ஆட்டம் கண்ணுல பட்டுச்சுன்னா, கோலை மட்டும் பார்க்காதீங்க. கடைசி அஞ்சு நிமிடத்துல பின்தங்கியிருக்கிற அணி பெஞ்சைப் பாருங்க. யார் சுவரைத் தாண்டிக் குதிக்கிறாங்க, யார் மட்டையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்கன்னு கவனிங்க. கவனிச்சுட்டு எனக்கு எழுதி அனுப்புங்க. டொராண்டோ ரசிகர்கள் கொஞ்சம் சுருக்கமா எழுதினா புண்ணியமாப் போகும்.